சிறு பொருளும் வழித்துணையும்: ஆலயம் ஏற்கத்தக்க கல்வி உபயம்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா நடைபெறும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பூவுக்கு ஒரு குடும்பம், எண்ணெய்க்கு ஒரு குடும்பம், அன்னதானத்து அரிசிக்கு ஒரு குடும்பம், நாதஸ்வர மேளத்திற்கு நண்பர் குழாம் ஒன்று என உபயங்கள் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. எந்த ஒரு செல்வரின் பெரும்பொருளாலும் நடைபெறுகின்ற விழாவன்று இது. சிறு உபயங்கள் பல கூடியே தேர் நகர்கிறது. அவ்வாறு பொருள் கொடுத்தவர், கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுவதும் இல்லை. அவர் வருகிறார், கூட நிற்கிறார், பந்தி பரிமாறுகிறார். பொருளும் துணையும் சேர்ந்து வருவதே உபயம். இம்முறையை நம் பிள்ளைகளின் கல்விக்கும் கொண்டுவர இயலுமா என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

கோயிலுக்கும் கல்விக்கும் உள்ள உறவு புதிதன்று. தென்னார்க்காட்டு எண்ணாயிரம் என்னும் ஊரில் உள்ள, முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து பயின்ற 340 மாணவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல் எவ்வளவு, ஆசிரியர்க்கு எவ்வளவு என்பனவெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அங்கே கற்பிக்கப்பட்டது வேதக் கல்வி. ஊரார் எல்லார்க்கும் அக்கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆயினும், பொருள் எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்று எவரும் படித்துப் பார்க்கும்படி எழுதி வைத்த அந்தக் கணக்குமுறை இன்றைக்கும் பின்பற்றத்தக்கது.

இந்நாட்டிலும் சிறுபொருளின் வரலாறு எளியதன்று. 1950களில் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்த காலத்தில், அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவேண்டும் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாகக் குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் தத்தம் பங்கை அளித்தனர். 1956ஆம் ஆண்டில் அத்துறை தொடங்கியபோது தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோதும் தோட்டங்களை வாங்க உதவியது தொழிலாளரின் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணமே. ஒரு வெள்ளியின் வலிமையை அறிந்த சமுதாயம் இது. நடுவில் அதனை மறந்திருக்கலாம்.

பொருளை விடவும் அரிதான ஒன்றைப் பற்றி மற்றோர் எடுத்துக்காட்டு பேசுகிறது. 1982ஆம் ஆண்டில், மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை விரிவுரையாளராக விளங்கிய டாக்டர் எம். தம்பிராஜா அவர்களின் முயற்சியால் ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் உருவாயிற்று. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். தோட்டப்புறத்திலிருந்து படித்து மேலே வந்த அண்ணன்மாரும் அக்காமாரும், தமக்குப் பின்னால் வருகின்ற தம்பி தங்கையர்க்குக் கற்பித்தனர். பத்துமலையில் நடைபெறும் கல்வி யாத்திரையை அறியாதவர் இங்கே குறைவு. அந்நிலையத்தின் வெற்றிக்குப் பக்தியும் பாடநூலும் மட்டும் காரணமல்ல. 'நேற்று உன்னைப் போலவே இருந்தவன் இன்று உன் முன்னால் நிற்கிறான்' என்னும் காட்சியே பிள்ளையின் உள்ளத்தில் பாய்ந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1979இல், இ.டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியமும் தொடங்கப்பெற்று இத்துறையில் பணியாற்றி வந்துள்ளது.

இவ்வளவு இருந்தும் ஆலயம் எதற்காக இதில் இறங்கவேண்டும்?

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களைப் பள்ளி அமைக்கக் கட்டாயப்படுத்திய காலந்தொட்டு, தோட்டத்தில் பள்ளியும் கோயிலும் லயமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அப்பள்ளிகள் பலவற்றின் தரம் மெச்சத்தக்கதாக இல்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஆறு வகுப்பு என்பதே பலவிடங்களில் நிலைமை. ஆனால் பிள்ளை மாலையில் எங்கே இருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின. குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. 1957ஆம் ஆண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேற்பட்டவையே. பிள்ளைகள் வேனில் ஏறி நெடுந்தொலைவு சென்று படித்துத் திரும்புகின்றனர். தந்தை லாரியில், தாய் தொழிற்சாலையில் இரவுப் பணியில். வீட்டிற்கு நடந்து செல்லும் தூரத்தில் மின்விளக்கும் விசிறியும் குடிநீரும் கழிவறையும் உள்ள பொதுவிடம் எது என்று கேட்டால், பல வட்டாரங்களில் விடை ஆலய மண்டபம் என்பதே. திருமணம் இல்லாத நாள்களில் அது பூட்டிக் கிடக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் தேசிய மொழி வழியாகப் பயிலவேண்டும். அந்தப் படியில்தான் பலர் இடறுகின்றனர். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதார் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்கவேண்டி வருவதும் உண்டு. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022ஆம் ஆண்டில் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. பிள்ளைகளின் தலைமேல் இருந்த சுமை குறைந்தது என்று மகிழ்ந்தோர் பலர். அதில் உண்மை உண்டு. ஆனால் எழுத்தறிவில்லாத பெற்றோர்க்கு அந்தத் தேர்வு முடிவே தம் பிள்ளையின் நிலையைக் காட்டிய கண்ணாடியாக இருந்தது. ஐந்தாம் ஆண்டிலும் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க இயலாத பிள்ளை, எஸ்.பி.எம். வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போய்விடக் கூடும். அவ்வாறு போகும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதே வேதனை.

அரசாங்க மானியம் இல்லையா என்று கேட்பர். உண்டு. 2014ஆம் ஆண்டில் பிரதமர் துறையின்கீழ் செடிக் அமைந்தது. 2018ஆம் ஆண்டில் அது மித்ராவாக மாற்றம் பெற்றது. பெருந்தொகைகள் ஒதுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டில் சில மானியங்கள் செலவழிக்கப்பட்ட விதம் குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதும் நாளிதழ்களில் வந்த செய்தியே. அதனை இங்கே கிளறவேண்டிய தேவை இல்லை. வேறொரு செய்தியைத்தான் கவனிக்கவேண்டும். பெரிய மானியத்திற்கு விண்ணப்பிக்கப் பதிவுபெற்ற சங்கம் வேண்டும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வேண்டும், திட்ட அறிக்கை வேண்டும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பாய் விரித்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு இளம்பெண்களிடம் இவற்றுள் எதுவும் இராது. அவர்களுக்கு வேண்டியதும் ஓர் இலட்சம் வெள்ளியன்று.

எவ்வளவுதான் வேண்டும்? கணக்கிட்டே பார்ப்போம். முதல் மூன்றாண்டு மாணவர் இருபது பேர். வாரம் இரண்டு மாலை. ஆண்டுக்கு நாற்பது வாரம் என வைத்துக்கொண்டால், எண்பது அமர்வுகள். பாடம் நடத்தும் இருவர்க்குப் பெட்ரோல் செலவாக ஓர் அமர்வுக்குத் தலா 15 வெள்ளி என்றால் 2,400 வெள்ளி. மாலையில் பசியோடு வரும் பிள்ளைகளுக்கு மைலோவும் ரொட்டியும் ஓர் அமர்வுக்கு 20 வெள்ளி வீதம் 1,600 வெள்ளி. கதைப்புத்தகங்களுக்கும் பயிற்றிகளுக்கும் 600. வெண்பலகை, எழுதுகோல், பாய் ஆகியவற்றுக்கு 250. நகலெடுக்க 150. ஆக மொத்தம் 5,000 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி. ஓர் அமர்வுக்கு மூன்று வெள்ளிச் சொச்சம். கடையில் ஒரு தேநீரும் இரண்டு வடையும் உண்டால் இதற்குமேல் ஆகிவிடுகிறது. இக்கணக்கில் மைலோ வீண்செலவு என்று எவரேனும் கருதினால், அவர் மாலை ஆறு மணிக்குச் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பார்த்ததில்லை என்று பொருள்.

கணினி வாங்கித் தருகிறோம் என்று சிலர் முன்வருவர். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆயினும் இதுவரையில் கண்ட நிலையங்கள் பலவற்றில் கணினி துணிபோர்த்தி மூலையில் கிடக்க, பாய் கிழிந்து தொங்குவதே காட்சி. பொருளைக் கண்டு பெருமைப்படுவது கொடுப்பவரின் மகிழ்ச்சி. பிள்ளைக்கு வேண்டியது தன் அருகே அமர்ந்து தான் வாசிப்பதைக் கேட்கும் ஒருவர். பெரிய அட்டைக் காசோலையை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கும் வழக்கத்தையும் இத்திட்டத்தில் தவிர்ப்பது நலம். அந்த அட்டைக்கும் பதாகைக்கும் ஆகும் செலவில் கதைப்புத்தகங்கள் வாங்கிவிடலாம்.

இனி வழித்துணையைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுவே இவ்வுரையின் நடுக்கூறு.

சிறு குழுக்கள் பொருள் இன்மையால் மட்டும் கலைவதில்லை. மூன்றாம் மாதத்தில் வருகை குறைகிறது. யாரிடம் கேட்பது என்று தெரிவதில்லை. ஒரு பெற்றோர் சண்டையிடுகிறார். நன்றாகப் படிப்பிக்கும் இளைஞன் தன் தேர்வு வந்ததும் போய்விடுகிறான். ரசீதுகள் காணாமற்போகின்றன. கணக்குக் கேட்கும்போது வெட்கமும் கோபமும் கலந்து குழுவே உடைகிறது. இவற்றுள் எதற்கும் பணம் மருந்தாகாது. இந்த மண்டபத்தில் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கணக்காய்வாளர் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், அரசாங்க இலாகாக்களின் நடைமுறையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு குழுவை ஓராண்டுக்குத் தம் பொறுப்பில் ஏற்பதே வழித்துணை என்பது.

அவர் செய்யவேண்டியது என்ன? திங்களுக்கு ஒருமுறை வகுப்பு நடக்கும்போது சென்று பின்வரிசையில் அமர்ந்திருத்தல் வேண்டும். பிள்ளைகள் முன்னிலையில் இளம் ஆசிரியரைத் திருத்துதல் கூடாது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் அரைமணி நேரம் உடன் அமர்ந்து, 'இன்று எந்தப் பிள்ளை பேசவேயில்லை?' என்பன போன்ற வினாக்களை எழுப்பவேண்டும். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் மலாயும் வாசிக்கச் செய்து, எங்கே நின்றான், எந்த எழுத்தில் மயங்கினான் என்று நோட்டுப்புத்தகத்தில் குறிக்கத் துணைசெய்ய வேண்டும். லகர ளகர ழகரத்தில் மயங்கும் பிள்ளைக்கு வேண்டிய பயிற்சி வேறு. உயிர்மெய் எழுத்தையே கூட்டத் தெரியாத பிள்ளைக்கு வேண்டியது வேறு. இருவரையும் ஒரே பயிற்றியில் அமர்த்தினால் ஒருவன் சலிப்பான், மற்றவன் அஞ்சுவான். தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு மலாய் அசைகள் விரைவில் பிடிபடும் என்பது அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்லும் செய்தி. ஆதலால் தமிழ் வாசிப்பைக் கைவிட்டு மலாய்க்கு ஓடவேண்டியதில்லை. நான்காம் மாதத்தில் அதே வாசிப்பை மீண்டும் நடத்தினால், முன்னேற்றம் உண்டா இல்லையா என்பது எவருடைய வாய்ச்சொல்லுக்கும் காத்திராமல் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வழிகாட்டி என்று சென்றவர் மேற்பார்வையாளராக மாறிவிடுவது மிக எளிது. ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு, அதிலும் நெடுங்காலம் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு, இது சற்றே கடினமான பயிற்சி. தம் காலத்தில் எப்படி நடந்தது என்பதைத் திங்களுக்கு ஒருமுறைக்கு மேல் சொல்லாதிருந்தால் போதும்.

பணத்தை ஒரே தவணையில் கொடுத்துவிடலாகாது. தொடக்கத்தில் பாதி, முதல் மூன்று மாதக் கணக்கு வந்தபின் கால்பங்கு, ஏழாம் மாதத்தில் எஞ்சியது என்னும் முறை நல்லது. கணக்கு ஒரே ஒரு பக்கம், ரசீதுகள் ஓர் உறையில். அதனை எழுதப் பழக்குவதும் வழித்துணையின் பணியே. அக்குழு பிற்காலத்தில் பெரிய மானியத்திற்கு விண்ணப்பிக்கும்போது, ஒழுங்காக வைக்கப்பட்ட அந்தச் சிறு கணக்கே அதற்குச் சான்றாகும். 2026ஆம் ஆண்டு முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், யாருக்கு எவ்வளவு என்பது நவம்பருக்குள் முடிவாகிவிடவேண்டும். ஏப்ரலில் வந்து சேரும் மானியத்தால் முதல் தவணையில் கைவிட்டுப்போன பிள்ளைக்குப் பயனில்லை.

சட்ட நடைமுறைகளையும் மறத்தலாகாது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி பிரத்தியேக வகுப்பு நிலையங்கள் பதிவுபெற வேண்டியவை. வாசிப்பு வட்டமாயினும், தொடங்குமுன் மாநிலக் கல்வி இலாகாவிடம் கேட்டுத் தெளிதல் நன்று. பணியில் உள்ள ஆசிரியர் ஊதியம் பெற்றுப் பாடம் நடத்துவதாயின் 1993ஆம் ஆண்டின் பொதுச்சேவை ஒழுங்கு விதிகளின்படி துறைத்தலைவரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நல்ல காரியத்திற்கு அனுமதி எதற்கு என்று இருந்துவிட்டுப் பின்னர் விளக்கக்கடிதம் எழுதுவது வருத்தத்திற்குரியது. எல்லாவற்றினும் மேலாகப் பிள்ளைகளின் பாதுகாப்பு. எந்த வகுப்பிலும் எந்நேரமும் வளர்ந்தோர் இருவர் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும். இதில் எவர்க்கும் விலக்கு இல்லை, அவர் எவ்வளவு மதிப்பிற்குரியவராக இருந்தாலும் சரி.

பக்தர்கள் ஆண்டவனுக்கென்று அளித்த காசை வேறு பணிக்குத் திருப்பலாமா என்று அன்பர் சிலர் ஐயுறுவர். அந்த ஐயம் நேர்மையானது. அதனை எள்ளி ஒதுக்குதல் தகாது. உண்டியலில் இட்டவர் விளக்கெரிய வேண்டும் என்று எண்ணி இட்டிருப்பார். ஆகவே உண்டியலைத் தொடாமல், கல்வி உபயம் என்று தனியே ஒன்று ஏற்படுத்துவதே முறை. அதற்கென்றே கொடுப்பவர் கொடுக்கட்டும். தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஆலயச் சங்கத்தின் சட்டவிதிகள் கல்விப் பணிக்கு இடம் தருகின்றனவா என்று முதலில் பார்த்து, தராவிடில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருத்தி, சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதல் பெற்றபின் தொடங்கவேண்டும். பொதுக்கூட்டம் முடிந்து அறுபது நாள்களுக்குள் பதிவிலாகாவுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் இக்கணக்கும் இடம்பெற வேண்டும். பதிவில்லாத சிறு குழுக்களுக்கு ஆலயமே பொறுப்பாளராக இருந்து பணத்தை வைத்துக் கொடுக்கும்போது, அப்பணம் ஆலயத்தின் பெயரிலேயே செலவாகிறது என்பதை மறந்துவிடலாகாது.

முதல் ஆண்டில் மூன்று குழுக்களுக்குமேல் வேண்டா. தகுதியுள்ளது ஒன்றே எனில் ஒன்றுக்கே கொடுத்து, எஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாம். ஆறாம் ஆண்டின் முதல்நிலை மாணவரை மேலும் கூர்தீட்டும் வகுப்புகளுக்கு வேறு புரவலர்கள் கிடைப்பார்கள்; பரிசளிப்பு விழாக்களும் அவர்களுக்கே நடக்கின்றன. இவ்வுபயம் பின்வரிசைப் பிள்ளைகளுக்கானது என்பதை நிர்வாகக் குழு எழுதியே வைத்துவிடுதல் நல்லது.

விண்ணப்பம் ஒரே பக்கத்தில், தமிழிலோ மலாயிலோ, கையெழுத்தில் எழுதினாலும் ஏற்கப்படவேண்டும். அதில் நான்கு வினாக்கள் போதும். எத்தனை பிள்ளைகள், எந்த இடத்தில், எந்த நாள்களில்? எதற்கு எவ்வளவு செலவு? பாடம் நடத்துபவர் போய்விட்டால் அடுத்து யார்? உங்கள் வட்டாரத்தில் வகுப்புக்கு இதுவரை வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை? நான்காம் வினாவுக்கு விடை எழுத, விண்ணப்பிப்பவர் படியேறிச் சில வீடுகளின் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டியிருக்கும். விண்ணப்பங்களைப் பார்வையிடும் மூவருள் ஒருவர் நிர்வாகக் குழுவைச் சாராதவராகவும், மற்றொருவர் அந்த அடுக்குமாடிகளிலேயே குடியிருக்கும் தாயாராகவும் இருத்தல் வேண்டும்.